‘சுகர் ஃப்ரீ’ என்ற சொல்லும் எங்கள் ஊர்ப் பலகாரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தேவகோட்டையில் 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். செட்டிநாட்டுக் கடைகளில் இப்போது வேகமாகப் பரவிவரும் ‘சுகர் ஃப்ரீ’ பலகாரங்களைப் பற்றியும், பெட்டியிலும் புட்டியிலும் அடைத்து வரும் உணவுகளில் நம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளிந்திருக்கும் இனிப்பூட்டிகளைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற கார்த்திகையில் என் அண்ணனுக்குப் பீமரத சாந்தி நடந்தது. எழுபது வயதுக்காரரின் விசேஷத்துக்கு வருகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் என்பதால், வழக்கமான பலகாரத்தோடு ‘சுகர் ஃப்ரீ’ பலகாரமும் நூறு பெட்டி சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு அதிரசம், இரண்டு கந்தரப்பம், ஒரு கைப்பிடி மனகோலம். பெட்டியின் மேல் பச்சை எழுத்தில் ‘சுகர் ஃப்ரீ’ என்றும், அதன் கீழே ‘டயபெடிக் ஃப்ரெண்ட்லி’ என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. வேறு ஒரு சொல் கிடையாது. பதினைந்து ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, தீபாவளியன்றுகூட ஓர் அதிரசத்தைப் பிட்டுப் பாதியை வைத்துவிடுகிற என் அண்ணன், அன்று ஒரு பெட்டி முழுவதையும் சாப்பிட்டார். தடுக்கப் போன அண்ணியிடம், “இதுலதான் சுகர் வராதுன்னு போட்டிருக்கானே” என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரைக்குச் ‘சீனி’ என்று பெயர். ‘சுகர்’ என்றால் அது நோய். ‘அவருக்குச் சுகர் இருக்கு’, ‘சுகர் கூடிப்போச்சு’, ‘சுகர் பார்த்துட்டு வர்றேன்’ என்றுதான் சந்தைக்குக் காய் கொண்டு வரும் மூதாட்டி முதல் வங்கி மேலாளர் வரை எல்லோரும் பேசுகிறோம். ஆகவே ஆங்கிலம் அறிந்தவர் ‘சீனி சேர்க்காதது’ என்று படிக்கிற அதே இரண்டு சொற்களை, எங்கள் ஊர் முதியவர் ‘சுகர் நோய் அண்டாதது’ என்று படிக்கிறார். இதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்று நிலைத்துவிட்ட பொருள் அதுதான். அந்தப் பொருளைத் தெரிந்தோ தெரியாமலோ வியாபாரம் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டுவிட்டது.

அன்று இரவு அண்ணனுக்கு வயிறு உப்பி, நான்கு முறை வயிற்றுப்போக்கு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த இரத்தச் சர்க்கரை 286. அவருடைய நான்கு வயதுப் பேத்தியும் தாத்தா மடியில் உட்கார்ந்து அதே பெட்டியிலிருந்து தின்றிருந்தாள். அவளுக்கும் விடிய விடிய வயிற்று வலி.

மறுநாள் நானே அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. ‘சுகர் ஃப்ரீ மிக்ஸ்’ என்று வெளியூரிலிருந்து ஐந்து கிலோப் பையாக வருகிறது என்றும், சீனிக்குப் பதிலாக அதே எடைக்குப் போடும்படி சொல்லியிருக்கிறார்கள் என்றும், உள்ளே என்ன இருக்கிறது என்பது தமக்கும் சரக்கு மாஸ்டருக்கும் தெரியாது என்றும் சொல்லி, பையையே எடுத்துவரச் செய்தார். அதன் பின்புறத்தில், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் மட்டுமே படிக்க முடிகிற அளவில், 965, மால்டோடெக்ஸ்ட்ரின், 955 என்று இருந்தது. செய்கிறவருக்கும் தெரியவில்லை, விற்கிறவருக்கும் தெரியவில்லை, சாப்பிடுகிறவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் பையைத் தைத்து அனுப்பியவர் ஒருவர்தான்.

இந்த எண்கள் உணவில் சேர்க்கும் பொருள்களின் குறியீடுகள். 955 என்பது சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி. சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பது. ஒரு கிலோ சீனியின் இனிப்பைக் கொடுக்க அதில் 2 கிராம்கூட வேண்டியதில்லை. அப்படியானால் மீதி 998 கிராமின் இடத்தில் எதைப் போடுவது என்ற கேள்வியை என் மாணவர்களாக இருந்தால் உடனே கேட்டிருப்பார்கள். அதிரசத்துக்குப் பாகு வேண்டும். பாகுக்குப் பதம் வேண்டும். 2 கிராம் தூளை வைத்துக்கொண்டு யாராலும் பாகு காய்ச்ச முடியாது. சீனி இனிப்பை மட்டும் தருவதில்லை. எடையையும் பிசுக்கையும் நிறத்தையும் கெடாமல் இருக்கும் தன்மையையும் சேர்த்துத்தான் தருகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் 965 ஆகிய மால்டிட்டாலும் மால்டோடெக்ஸ்ட்ரினும் வருகின்றன. அதிரசம் வழக்கத்தைவிட வெளிறி இருந்ததற்கும் காரணம் இதுவே: மால்டிட்டால் சீனியைப் போலச் சிவந்து வராது.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சிறு சங்கிலி. மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. நாக்கில் அவ்வளவாக இனிக்காது. ஆனால் குடலில் மளமளவென்று உடைந்து குளுக்கோஸாக இரத்தத்தில் ஏறும். மால்டிட்டால் சர்க்கரை ஆல்கஹால் என்ற வகையைச் சேர்ந்தது. பெயரைப் பார்த்து மதுவோடு முடிச்சுப் போட வேண்டாம். அதில் ஒரு பகுதி சிறுகுடலில் உடைந்து குளுக்கோஸாகிறது. செரிக்காத பகுதி பெருங்குடலுக்குப் போய் நீரை இழுத்துக்கொண்டு, அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகிறது. சீனி கிராமுக்கு 4 கலோரி தருகிறது என்றால் மால்டிட்டால் 2 கலோரிக்குச் சற்று மேல் தருகிறது; குறைவுதான், ஆனால் இல்லை என்று ஆகாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அதிரசமும் கந்தரப்பமும் அரிசி. சீனியை எடுத்துவிட்டதால் அரிசி மாவு எங்கே போய்விடும்? எங்கள் அண்ணனின் 286-க்கும் வயிற்றுப்போக்குக்கும் மருத்துவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மர்மம் எதுவும் இல்லை. அந்தப் பையின் பின்புறத்தைத் தமிழில் பெரிதாக எழுதியிருந்தால் அண்ணியே கண்டுபிடித்திருப்பார்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 100 கிராமில் சர்க்கரை வகைகள் அரை கிராமுக்கு மேற்படாத உணவைத்தான் ‘சுகர் ஃப்ரீ’ என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வரையறை சர்க்கரை வகைகளை மட்டுமே அளக்கிறது; மாவையோ எண்ணெயையோ அளப்பதில்லை. சட்டம் சொல்வது ஒன்று, ஊர் கேட்டுக்கொள்வது வேறொன்று என்ற நிலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு கவலை உண்டு. இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உலகில் இனிப்பூட்டிகள் பெரும்பாலும் காப்பியிலும் தேநீரிலும் குளிர்பானத்திலும் கலக்கப்படுகின்றன; செட்டிநாட்டிலோ பலகாரம் என்றால் பெரும்பாலும் எண்ணெய்ச் சட்டியில் வேகிறது. வேகும் எண்ணெயின் வெப்பம் பொதுவாக 160 முதல் 180 டிகிரி செல்சியஸ். அஸ்பார்டேம் என்ற 951 இந்தச் சூட்டைத் தாங்காது. சிதைந்து இனிப்பையே இழந்துவிடும். சுக்ரலோஸ் சூடு தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அது சர்க்கரை மூலக்கூறில் மூன்று குளோரின் அணுக்களைப் பொருத்திச் செய்த பொருள். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கருத்துரையில், சுக்ரலோஸை 120 முதல் 250 டிகிரி வரை சூடாக்கும்போது தீங்கு தரக்கூடிய குளோரின் சேர்மங்கள் உண்டாகலாம் என்றும், போதிய ஆய்வுகள் வரும்வரை சுக்ரலோஸ் கலந்ததை அந்த வெப்பத்துக்குக் கொண்டுபோகாமல், சமைத்து இறக்கிய பின் சேர்ப்பதே நல்லது என்றும் கூறியது. மாவுக்குள் ஈரம் இருக்கும்வரை உட்புறம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேற்பொருக்குத்தான் அதைத் தாண்டும். எனவே ஓர் அதிரசத்தில் எவ்வளவு உண்டாகும், அது உடலை என்ன செய்யும் என்றெல்லாம் நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் ஒரு நாட்டின் அரசு நிறுவனம் செய்யாதீர்கள் என்று சொன்ன அதே வேலையை, என்ன செய்கிறோம் என்று அறியாமலேயே எங்கள் ஊர் அடுப்படிகளில் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை எப்படிச் சொல்லாமல் இருப்பது? வீட்டிலிருந்தே பலகாரம் போட்டுச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பிப் பிழைக்கிற பெண்கள் காரைக்குடியிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் எத்தனையோ பேர். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ‘சுகர் ஃப்ரீயாக அனுப்புங்கள் ஆச்சி’ என்று கேட்கும்போது, அந்தப் பெண்கள் கடையில் கிடைக்கிற தூளை வாங்கிக் கலக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

இனி உடல்நலத்தைப் பற்றி. இனிப்பூட்டிகளின் கதையில் அவசரப்பட்டவர்கள் இரு பக்கமும் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலக்கரித் தாரின் வழிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தபோது ரொட்டி இனித்ததால் சாக்கரினைக் கண்டுபிடித்தார் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே சாக்கரின் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டியை உண்டாக்குகிறது என்று கண்டு, 1977 முதல் அமெரிக்காவில் அதன் பொட்டலங்களில் எச்சரிக்கை அச்சிட்டார்கள். எலியின் உடலில் அது நிகழும் விதம் மனிதருக்குப் பொருந்தாது என்று தெரிந்த பின் 2000-இல் அந்த எச்சரிக்கையை நீக்கினார்கள். சைக்லமேட் என்ற இன்னொன்றை 1969-இல் அங்கே தடை செய்தார்கள். அந்தத் தடை நீங்கவில்லை. ஆகவே, ‘இனிப்பூட்டி என்றாலே விஷம்’ என்று கைப்பேசியில் சுற்றும் செய்திகளை நான் ஏற்பதில்லை.

ஆனால் 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலை எவரும் அலட்சியம் செய்ய முடியாது. 283 ஆய்வுகளைப் பரிசீலித்த பின், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தில் இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது பரிந்துரைத்தது. குறுகிய காலச் சோதனைகளில் எடை சற்றுக் குறைந்தாலும், நெடுநாள் பயன்படுத்தியவர்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை; மாறாக, இரண்டாம் வகை நீரிழிவும் இதயநோயும் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. எடை கூடியவர்களும் நோய் வரும் நிலையில் இருப்பவர்களுமே இனிப்பூட்டியை நாடுகிறார்கள் என்பதால் எது காரணம், எது விளைவு என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது என்றும், அதனால் இது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரைதான் என்றும் அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்பரிந்துரை பொருந்தாது என்பதையும், மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் அதில் அடங்கவில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

அதே ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அஸ்பார்டேமை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளது’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. இந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைக் குறிக்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் குறிப்பதில்லை. இருக்கிற சான்று குறைவு என்பதே அதன் பொருள். உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான கூட்டு வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. ஒரு டயட் பான டப்பாவில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் 8 முதல் 12 டப்பா வரை குடித்தால்தான் வரம்பை எட்டுவார். இவ்வளவு குடிப்பவர் யார் என்று கேட்டுவிட்டுப் பத்திரிகையை மடித்துவிடலாம். நான் மடிக்கவில்லை. அதே கணக்கை 15 கிலோ எடையுள்ள நான்கு வயதுக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தேன். வரம்பு 600 மில்லிகிராம். இரண்டு அல்லது மூன்று டப்பா. பெரியவர்களுக்குச் சொல்லும் ஆறுதல் குழந்தைகளுக்குப் பொருந்தவில்லை.

மற்ற ஆய்வுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், செயற்கை இனிப்பூட்டிகளை அதிகம் உட்கொண்டவர்களிடம் இதய, மூளை இரத்தக்குழாய் நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. அதே ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 120 பேரிடம் இரண்டு வாரம் நடத்திய சோதனையில், வரம்புக்குக் குறைந்த அளவிலேயே சாக்கரினும் சுக்ரலோஸும் குளுக்கோஸைக் கையாளும் திறனைச் சிலரிடம் குறைத்தன. குடல் நுண்ணுயிர்களில் உண்டான மாற்றம் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவ நிறுவனத்தார் 2023-இல், எரித்ரிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹால் இரத்தத்தில் மிகுந்திருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். எரித்ரிட்டாலை உடலும் சிறிதளவு உண்டாக்குகிறது என்பதால் இது முடிந்த தீர்ப்பல்ல. இதற்கு மறுபக்கமாக, சென்னையில் மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ள 179 பேரிடம் காப்பி, தேநீரில் சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸைக் கொடுத்து 12 வாரம் பார்த்தபோது, மூன்று மாதச் சர்க்கரை அளவில் கெடுதலும் இல்லை, குறிப்பிடத்தக்க நன்மையும் இல்லை. எடை மட்டும் சிறிது குறைந்தது. ஆகவே, சர்க்கரை நோயாளி ஒருவர் தம் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு காலைத் தேநீரில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதை நான் குறைசொல்லவில்லை. காப்பித் தம்ளரில் போடும் மாத்திரையின் அளவு கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணிப் போடலாம். பிஸ்கட்டிலும் சாஸிலும் புரதப் பொடியிலும் நறுமணத் தண்ணீரிலும் ஐஸ்கிரீமிலும் இருமல் மருந்திலும் வருகிறதே, அதை யார் எண்ணுவது?

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குக் குன்றக்குடிச் சாலையில் வழிநெடுகத் தண்ணீரும் மோரும் கொடுத்த காலம் போய், இப்போது பத்து ரூபாய்ப் பழச்சுவைப் பானங்களைப் பெட்டி பெட்டியாக இறக்கிக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களின் மனம் பெரிது, அவர்களை வணங்குகிறேன். இந்த ஆண்டு அப்படிக் கொடுத்த ஒரு புட்டியை வாங்கிப் படித்தேன். தண்ணீர், சீனி, பின்னர் 955, 950. அதாவது சீனியும் இருக்கிறது, சுக்ரலோஸும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் இருக்கின்றன. சீனியைக் குறைத்து விலை மலிவான இனிப்பூட்டியால் ஈடுகட்டினால் பத்து ரூபாய்க்குள் அடக்கலாம். அதன் பக்கவாட்டில் எறும்பளவு ஆங்கில எழுத்தில், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று இருந்தது. அதைக் கையில் வைத்து உறிஞ்சிக்கொண்டு தந்தையின் தோளில் போன பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும். கல்யாணத் தாம்பூலத்தில் வைக்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலத்துக்கும் இதே நிலைமை. பாக்குக்குச் சாக்கரின் சேர்க்க விதியில் இடம் உண்டு. பந்தி முடிந்ததும் அதைப் பிரித்துத் தின்பவர்களில் பாதிப் பேர் சிறுவர்கள். மேலும், பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய குறை உள்ள குழந்தைகளுக்கு அஸ்பார்டேம் மூளையைப் பாதிக்கும். அவர்களுக்கு இது ஆகாது என்ற வாசகத்தையும் அந்த எறும்பு எழுத்திலேதான் தேட வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றி எனக்கு உள்ள பெரிய கவலை புற்றுநோயன்று, நாக்கு. எல்லாவற்றிலும் உச்ச இனிப்பைத் தொட்டுப் பழகிய நாக்குக்கு ஆடிக் கும்மாயத்தின் இனிப்பு சப்பென்று இருக்கிறது. கவுனி அரிசியைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தால் என் பேரன் ‘இனிக்கவே இல்லை’ என்கிறான்.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் சீனிக்கே திரும்பிவிடலாம், அல்லது கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுக்கொள்ளலாம்’ என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேர்கின்றன. கருப்பட்டிக் காப்பி மட்டுமே குடித்த என் அப்பத்தா நீரிழிவில் கால்விரலை இழந்தார்; பழையது என்பதால் எல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. நாளொன்றுக்குச் சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்; 300 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். பிஸ்கட் பொட்டலத்தில் ‘இன்வர்ட் சிரப்’, ‘லிக்விட் குளுக்கோஸ்’, ‘டெக்ஸ்ட்ரோஸ்’ என்று எழுதியிருப்பவையும் சீனியின் உறவினர்களே. நான் கேட்பது இனிப்பைக் குறைக்கத்தானே ஒழிய, ஓர் இனிப்பை விட்டு இன்னோர் இனிப்புக்கு மாறுவதற்கு அல்ல. பிள்ளையார் நோன்பன்று, திரி ஏற்றிய இனிப்பு மாவான இழையை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறோம், இரண்டாவது கேட்பதில்லை. பலகாரத்துக்கும் நம் வீடுகளில் அப்படி ஓர் அளவும் ஒரு நாளும் இருந்தன. ‘சுகர் ஃப்ரீ’ என்ற சொல் அந்த அளவைத்தான் முதலில் அழிக்கிறது. அண்ணன் பாதி அதிரசத்தோடு நிறுத்தியிருந்தால் மருத்துவமனைக்குப் போயிருக்க மாட்டார்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. கடையில் உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைத் தட்டின் முன்னால் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டாயமாக்கியது. தேதியை எழுத வைக்க முடியும் என்றால், ‘இதில் சீனி இல்லை, மால்டிட்டாலும் சுக்ரலோஸும் உள்ளன, குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், மாவுச்சத்து உண்டு’ என்று தமிழில் நான்கு வரி எழுதவைப்பதில் என்ன சிரமம்? மெக்சிகோ நாட்டில் 2020 முதல், இனிப்பூட்டி உள்ள எந்தப் பொட்டலமானாலும் அதன் முன்பக்கத்தில், இனிப்பூட்டி இருக்கிறது, குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று கட்டம் கட்டி அச்சிட வேண்டும். நம் உச்ச நீதிமன்றமும் பொட்டலத்தின் முன்பக்க எச்சரிக்கை பற்றி முடிவெடுக்கும்படி 2025 ஏப்ரலில் கால வரம்பு விதித்து உத்தரவிட்டது. அந்த முன்பக்க எச்சரிக்கையில் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றோடு இனிப்பூட்டியும் இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் சீனிக்கு எச்சரிக்கை போட்டதும் உற்பத்தியாளர்கள் சீனியை எடுத்துவிட்டு இனிப்பூட்டியைப் போட்டு, எச்சரிக்கையிலிருந்து தப்பிவிடுவார்கள். மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் 2025 மே மாதம் முதல், எந்த உணவில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொல்லியிருப்பது நல்ல முயற்சி. நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் அதை வைக்கட்டும். வைக்கும்போது அதில் இனிப்பூட்டிகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும். இல்லையென்றால் பலகையைப் படித்த பிள்ளை கடைக்குப் போய் டயட் பானம் கேட்கும்.

நான் போன அந்தக் கடைக்காரரிடம் இவற்றையெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். அவர் என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, “டீச்சர், நீங்களே தமிழில் எழுதிக் கொடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டியின் மேல் அதை ஒட்டியிருக்கிறார். ‘சுகர் ஃப்ரீ’ பலகாரத்தின் விற்பனை அதற்குப் பின் பாதியாகிவிட்டது என்று போன வாரம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததையும் நான் எழுதத்தான் வேண்டும். உண்மையை ஒட்டியவருக்கு மட்டும் நட்டம், ஒட்டாத கடைக்கு லாபம் என்று இருந்தால் அட்டை எத்தனை நாள் நிற்கும்? அதனால்தான் இதை ஒருவருடைய நல்ல மனத்துக்கு விடாமல் எல்லாக் கடைக்கும் பொதுவான விதியாக்கும்படி சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பொட்டலங்களில் பெயரைவிட எண்ணையே பெரும்பாலும் அச்சிடுகிறார்கள் என்பதால், அந்த எண்களைத் தமிழ்ப் பெயரோடு வாரம் ஒருமுறை ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால், கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டிக்கொள்ள உதவும். 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசிச் சாறு, 965 மால்டிட்டால், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால். அச்சுக் கோக்கும்போது 955-உம் 965-உம் இடம் மாறிவிடாமல் ஒருமுறை சரிபார்த்து வெளியிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தேவகோட்டை.